களப்பு: வாய் திறந்து மூடும் நீரும் அதன் கரையில் வாழ்வோரும்

நந்திக்கடல் என்றதும் இன்று உலகெங்கும் உள்ள தமிழருக்கு 2009 மே மாதம்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னர் அது இறாலுக்குப் பெயர்போன இடம். முல்லைத்தீவில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களிடம் கேட்டால், எந்த மாதத்தில் எந்தக் கரையில் வீச்சுவலை எறிந்தால் என்ன படும் என்றுதான் முதலில் சொல்வார்கள். யுத்தத்தைப் பற்றிப் பேச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

நந்திக்கடல் உண்மையில் கடல் அல்ல. ஆறோ குளமோ அல்ல. அது ஒரு களப்பு. பாடசாலைப் புவியியல் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும் சொல் இது. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் எங்கே ஊர் அமைந்தது, எந்த வழியால் பாதை போனது, எந்த வழியால் மக்கள் ஓடினார்கள், எங்கே அகப்பட்டார்கள் என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானித்தது இந்தத் தரைத்தோற்றம்தான். இன்று எங்கள் ஊர்களில் நடக்கும் காணிப் பிரச்சினைகளும் தொழில் பிரச்சினைகளும் பல களப்புக் கரைகளிலேயே நடக்கின்றன. ஆகவே அதைக் கொஞ்சம் விபரமாக எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

சொல்லில் இருந்தே தொடங்கலாம். கிழக்கில் களப்பு என்ற சொல் மட்டக்களப்பு என்ற மாவட்டப் பெயரிலேயே இருக்கிறது. அங்கே வாவி என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் கடனீரேரி, பரவைக்கடல். முல்லைத்தீவுப் பக்கத்தில் நந்திக்கடல் என்று பெயரிலேயே கடலாக்கி விட்டார்கள். கோடையில் வற்றி வெளித்துக் கிடக்கும் ஓரப்பகுதிக்குத் தரவை என்று பெயர். களப்பு கடலோடு சேரும் வாய்க்கு முகத்துவாரம் அல்லது தொடுவாய். கொக்கிளாய் முகத்துவாரம், வட்டுவாகல் தொடுவாய் என்று செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இந்த வாய்களைக் குறிப்பவைதான்.

இலங்கையின் கரையோரத்தில் 80க்கும் மேற்பட்ட களப்புகள் கணக்கிடப்பட்டுள்ளன. அவை உருவான கதை சில ஆயிரம் ஆண்டுகள் பழையது. கடைசிப் பனியுகம் முடிந்து பனி உருகியபோது கடல்மட்டம் உயர்ந்தது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் கீழ்ப்பகுதிகளும் கரையோரத் தாழ்நிலங்களும் கடலுக்குள் போயின. பிறகு அலையும் கரையோர நீரோட்டமும் மணலைக் கொண்டுவந்து அந்தக் குடாக்களின் வாயில் நீளமான மேடுகளாகக் குவித்தன. மேட்டுக்கு வெளியே இருந்தது கடல். உள்ளே அகப்பட்ட நீர் களப்பாயிற்று. முள்ளிவாய்க்கால், வலைஞர்மடம், புதுமாத்தளன் ஆகிய ஊர்கள் எல்லாம் அப்படிக் குவிந்த மணல்மேட்டில் அமைந்தவை. கிழக்கே பெருங்கடல், மேற்கே நந்திக்கடல்.

யாழ்ப்பாணக் கடனீரேரி இவற்றில் இருந்து வேறுபட்டது. அதற்கு மணலால் மூடும் சிறிய வாய் இல்லை. மேற்கே பாக்குநீரிணைக்கு அகலமாகத் திறந்து கிடக்கிறது. குடாநாட்டுக்கும் பெருநிலப்பரப்புக்கும் இடையே நுழைந்த ஆழமில்லாத கடற்கரம் என்று அதைச் சொல்லலாம். கிழக்கே போகப் போக நீர் குறைந்து, ஆனையிறவில் கோடையில் உப்புப் படியும் வெளியாகிவிடும். அங்கே உப்பளம் அமைந்ததற்கு இதுவே காரணம். ஆழம் குறைந்த அந்த நீருக்குள்ளால் யானைகளைக் குடாநாட்டுக்குள் இறக்கி, பின்னர் கப்பலேற்றியதால்தான் ஆனையிறவு என்ற பெயரே வந்தது.

மணல் மேடு கட்டிய களப்புகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. அவை வருடத்தில் சில மாதம் கடலோடு சேர்ந்திருக்கும், சில மாதம் பிரிந்திருக்கும். இலங்கையைச் சுற்றிக் கடலின் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, ஒரு மீற்றருக்கும் கீழ். எனவே தொடுவாயைத் திறந்து வைத்திருக்கும் பலம் கடலின் ஏற்றவற்றத்துக்கு இல்லை. அந்த வேலையைச் செய்வது மழை. ஒக்டோபரில் தொடங்கும் மாரியில் குளங்கள் நிரம்பி வான் பாய, ஆறுகள் களப்புக்குள் வந்து விழுகின்றன. நந்திக்கடலுக்குப் பேராறு, அதன் மேல்பகுதியில் முத்தையன்கட்டுக் குளம். சுண்டிக்குளத்துக்குக் கனகராயன் ஆறு; அதை மறித்துக் கட்டியது இரணைமடு. களப்பு நிரம்பி, நீர்மட்டம் கடலைவிட உயர்ந்ததும் மணல் அணை உடைந்து வாய் திறக்கும். மாரி முடிந்து ஆற்றுநீர் நின்றபின் அலை மறுபடியும் மணலைத் தள்ளி வாயை மூடிவிடும்.

இறாலின் வாழ்க்கை இந்தத் திறப்பையும் மூடலையும் நம்பித்தான் இருக்கிறது. களப்பில் பிடிபடும் இறால் களப்பில் பிறந்ததல்ல. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவிலான குஞ்சுகள் வாய் திறந்திருக்கும் காலத்தில் களப்புக்குள் வருகின்றன. உள்ளே உப்பும் நன்னீரும் கலந்த கலப்பு நீர், கண்டல் வேர்களின் மறைவு, ஆறு கொண்டுவந்த சேற்றில் உணவு. சில மாதங்களில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்குப் போகப் பார்க்கும். இடையில் வலையில் படுவதுதான் எங்கள் சந்தைக்கு வருகிறது. மணலை, திரளி போன்ற மீன்களும் இப்படிக் கடலுக்கும் களப்புக்கும் இடையே போய் வருபவைதான்.

வாய் பிந்தித் திறந்தால் குஞ்சு வருவது குறையும். முந்தித் திறந்து நீர் எல்லாம் ஓடிவிட்டால் கோடையில் களப்பு சீக்கிரம் வற்றும். வற்றிய நீர் சூடாகும், உப்பு ஏறும், ஒட்சிசன் குறையும். கோடைகாலத்தில் நந்திக்கடலில் மீன்கள் இறந்து கரையொதுங்கின என்று வரும் செய்திகளை வாசித்திருப்பீர்கள். யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று ஊருக்குள் கதை பரவும். பெரும்பாலும் இந்த வற்றலும் சூடுமே அதற்குப் போதுமான காரணம்.

களப்பை ஏழைகளின் கடல் என்று நான் சொல்வேன். ஆழ்கடலுக்குப் போக வள்ளம் வேண்டும், இயந்திரம் வேண்டும், மண்ணெண்ணெய் வேண்டும். களப்பில் இடுப்பளவு நீரில் நடந்துபோய் வீச்சுவலை எறியலாம். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திர வள்ளங்கள் கரையில் கிடந்த மாதங்களிலும் களப்பில் வலை வீசியவர்களுக்கு அன்றன்றைக்கு ஏதோ கிடைத்தது. யுத்தத்தில் கணவனையோ, காலையோ, வள்ளத்தையோ இழந்த குடும்பங்களுக்கு இது சின்ன விடயமல்ல. ஆனால் நிவாரணக் கணக்குகளில் வள்ளமும் வலையும் வைத்திருப்பவர்தான் கடற்றொழிலாளராகத் தெரிகிறார். நடந்து பிடிப்பவர் அநேகமாக எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை.

பாதையாகவும் மதிலாகவும்

களப்பு ஒரே நேரத்தில் பாதையாகவும் மதிலாகவும் இருக்கக் கூடியது. எது என்பதை அது தீர்மானிப்பதில்லை. கரையில் ஆயுதத்தோடு நிற்பவர் தீர்மானிக்கிறார்.

மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. அதன் கடல் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. எவ்வளவு அழகான பெயர்கள். யுத்த காலத்தில் இவையே அதிகார எல்லைகளாயின. எழுவான்கரை அரச கட்டுப்பாட்டில், படுவான்கரை நீண்டகாலம் புலிகளின் கட்டுப்பாட்டில். வயல் ஒரு கரையில், வைத்தியசாலையும் சந்தையும் மறுகரையில். நெல்லைக் கொண்டுபோகவும் பிரசவத்துக்குப் போகவும் வவுணதீவு போன்ற சோதனைச்சாவடிகளைத் தாண்ட வேண்டும். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த படுகொலையில் மகிழடித்தீவு இறால் பண்ணைத் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூனில் அதே பகுதியில் இரண்டாவது படுகொலை. மண்முனைத் துறையில் ஓடத்துக்குப் பதிலாகப் பாலம் வந்தது 2014இல்தான். வாவியின் அக்கரையில் பிறந்ததால் ஒரு தலைமுறை எவ்வளவு இழந்தது என்பதை அந்தப் பாலத்தில் இரண்டு நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் கடக்கும்போது உணர முடியாது.

வடக்கில் இதே கதை கிளாலியில் நடந்தது. 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியபின் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பூநகரியில் இராணுவ முகாம் வந்தபின் கேரதீவு–சங்குப்பிட்டிப் பாதையும் இல்லாமற் போனது. குடாநாட்டில் இருந்து வன்னிக்குப் போக மிஞ்சியது கிளாலிக் கடனீரேரிதான். இரவில், வெளிச்சம் இல்லாமல், ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிய படகுகளில் நோயாளிகளும் மாணவர்களும் வியாபாரிகளும் போனார்கள். நாகதேவன்துறையில் இருந்து கடற்படை வரும். 1993 ஜனவரியில் அப்படிப் போனவர்கள் பலர் படகுகளிலேயே கொல்லப்பட்டனர். அதே வருடம் நவம்பர் 11இல் பூநகரி முகாம் தாக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து தென்மராட்சிக்கு ஓடியவர்களில் பெருந்தொகையானோர் அடுத்த சில மாதங்களில் இதே நீரைக் கடந்துதான் வன்னி போய்ச் சேர்ந்தார்கள்.

என்னையும் ஒரு முறை கிளாலியால் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்கு அப்போது நாலு வயது, ஒன்றும் ஞாபகமில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்: நான் அழாமல் இருக்க வாய்க்குள் சீனி போட்டுக்கொண்டே வந்தாராம். படகு தரை தட்டிய இடங்களில் ஆண்கள் இறங்கித் தள்ளினார்களாம். அந்தக் களப்பில் ஆழம் இல்லாததுதான் ஆபத்து. விரைவாகப் போக முடியாது, ஒளிக்கவும் இடமில்லை. இன்று சங்குப்பிட்டியில் 288 மீற்றர் நீளப் பாலம் இருக்கிறது, 2011 ஜனவரியில் திறந்தது. பஸ்ஸில் போகும்போது அம்மா இன்னும் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

மணல்மேட்டில் அடைபட்ட கோடை

2009ஐப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அந்த நிலத்தின் அமைப்பை வைத்து எழுதியவை குறைவு. எனவே அதை மட்டும் சொல்கிறேன்.

அரசாங்கம் பெப்ரவரி 12இல் அறிவித்த இரண்டாவது பாதுகாப்பு வலயம் சுமார் 14 சதுர கிலோமீற்றர். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணல்மேடுதான் அது. இரண்டு பக்கமும் நீர். வெளியே போகும் தரைவழி வடக்கிலும் தெற்கிலும் மட்டும். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை, வன்னியில் அகப்பட்டிருந்தவர்கள் 330,000 வரை என்கிறது. புலிகள் வெளியேற விடாமல் தடுத்ததையும், இராணுவம் அந்த வலயத்துக்குள் ஷெல் அடித்ததையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

மணல்மேட்டில் கிணறு வெட்டினால் நாலைந்து அடியிலேயே நல்ல நீர் வரும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. சில நூறு குடும்பங்கள் அளவோடு அள்ளினால் அது வருடக்கணக்கில் தாங்கும். லட்சக்கணக்கானவர்கள் இரவு பகலாக அள்ளினால் கீழிருக்கும் உப்பு மேலே வரும்; பக்கத்து மலசலக் குழிகளும் கலக்கும். அந்த மாதங்களில் குடித்த தண்ணீரின் ருசியை அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்வதற்கு இதுவே காரணம். பதுங்குகுழியின் கதையும் அப்படித்தான். ஆழமாக வெட்டினால் நீர் ஊறும், வெட்டாவிட்டால் ஷெல் சன்னம் வரும். மணல் சுவர் நிற்காது, சரியும். கூறைச் சேலைகளைக் கிழித்துத் தைத்து மண்மூட்டை அடுக்கியது அதற்காகத்தான். செம்மண் நிலத்திலோ கல் நிலத்திலோ இது நடந்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்று நான் கணக்குப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த இடத்தைப் பாதுகாப்பு வலயமாகத் தெரிந்தெடுத்தவர்களிடம் அந்த நிலத்தின் வரைபடம் இருந்தது.

ஏப்ரல் 20இல் புதுமாத்தளன் பக்கத்து மண் அணை உடைக்கப்பட்டபோது பெருந்தொகையானோர் களப்பு நீருக்குள் இறங்கி நடந்து மறுகரைக்குப் போனார்கள். வைகாசி வெயில் தொடங்கும் முன்னர், நீர் இறங்கிக்கொண்டிருந்த காலம். இடுப்பளவு, கழுத்தளவு என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு அளவு சொல்வார்கள். அடி மட்டம் ஒரே சீரில்லாததால் எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கும். மே நடுப்பகுதியில் எஞ்சியவர்கள் தெற்கே வட்டுவாகல் பாலத்தால் வந்தார்கள். அந்தப் பாலத்தடியில் கண்ணெதிரே கையளித்த பிள்ளையையும் கணவனையும்தான் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் 2017 முதல் வீதியோரத்தில் இருந்து தாய்மார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் சித்தி நந்திக்கடல் இறாலை இன்றைக்கும் வீட்டுக்குள் எடுக்க விடமாட்டா. சித்தப்பாவோ அதைப் பிடித்துத்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். இரண்டும் ஒரே வீட்டில்.

நந்திக்கடலின் மேற்குக் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு எரிப்பார்கள். பொங்கல் பெரும்பாலும் மே 18ஐ ஒட்டிய வாரங்களிலேயே வரும். ஒரே கிழமையில் கண்ணீரோடு முள்ளிவாய்க்காலுக்கும் பானையோடு வற்றாப்பளைக்கும் போகும் குடும்பங்களை இந்த மாவட்டத்தில்தான் காணலாம்.

2004 டிசெம்பர் 26ஐயும் மறக்க முடியாது. ஆழிப்பேரலை இதே தாழ்ந்த மணல்மேடுகளைத்தான் கடந்தது. கடலில் இருந்து ஓடியவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் பல இடங்களில் களப்பு.

இன்றைய சண்டை

இப்போது நந்திக்கடலைச் சுற்றி நடப்பவை. 2017 ஜனவரியில் நந்திக்கடலும் நாயாறும் வர்த்தமானி மூலம் இயற்கை ஒதுக்குகளாக அறிவிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 4,000 ஹெக்டெயருக்கு மேல். சுண்டிக்குளம் 1938இல் இருந்தே பறவைகள் சரணாலயம். 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. களப்பைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கண்டலை வெட்டினால் இறால் இல்லை என்பதை மேலே எழுதியாயிற்று. ஆனால் எல்லை நீரோடு நிற்கவில்லை, வயலுக்கும் தரவைக்கும் மாடு மேயும் நிலத்துக்கும் ஏறிவிட்டது என்பதே மக்களின் முறைப்பாடு. 1980களில் இருந்து திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தவர்களின் வயல் பற்றைக்காடாகிக் கிடந்தது. ஆகாயப் படத்தில் அது காடு. உரிமையாளரின் கையில் உறுதி இல்லை, அது முள்ளிவாய்க்காலில் எங்கோ புதைந்துவிட்டது.

வட்டுவாகலில் கடற்படை முகாமுக்குள் இருக்கும் 617 ஏக்கரை அளக்க நில அளவையாளர்கள் வரும்போதெல்லாம் ஊர் மக்கள் வீதியை மறிக்கிறார்கள். கேப்பாப்பிலவில் 2017இல் பிலக்குடியிருப்பு மக்கள் ஒரு மாதம் வீதியில் இருந்து தங்கள் காணிக்குள் போனார்கள். களப்பை ஒட்டிய ஊரின் எஞ்சிய பகுதி வெகுகாலம் இராணுவத்திடமே இருந்தது. மாதிரிக் கிராமத்தில் வீடு கொடுத்தார்கள் என்பார்கள். வீச்சுவலைக்காரனுக்கு நீரில் இருந்து தூரத்தில் வீடு கொடுத்தால் அவன் அங்கே என்ன செய்வான்? 2018 ஓகஸ்ட்டில் நாயாற்றில் தமிழ்க் கடற்றொழிலாளரின் வள்ளங்களும் வலைகளும் எரிக்கப்பட்டது இந்த வரிசையில் இன்னொன்று.

எல்லாச் சண்டையும் வெளியாருடன் அல்ல. மாரியில் களப்பு நிரம்பினால் கரையோர வயல்கள் மூழ்கும். தொடுவாயை வெட்டி நீரை விடு என்பார் கமக்காரர். இப்போது வெட்டினால் தொழில் போச்சு என்பார் கடற்றொழிலாளர். இயந்திரம் வந்து வெட்டும் நாளை நிர்ணயிப்பது ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் நடந்து பிடிப்பவர்களுக்கு ஆசனம் இருப்பதில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபின் வெட்டு என்ற குரலே ஓங்கி ஒலிக்கிறது.

இதோடு சேர்த்து ஒரு வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றுநீர் களப்புக்குள் போனால் அதை வீணாகக் கடலில் கலக்கிறது என்று பொறியியலாளரும் அரசியல்வாதியும் சொல்வார்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஆறு என்ற திட்டம் ஆனையிறவுக் கடனீரேரியை மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொண்டுபோக நினைத்தது. குடாநாட்டின் தண்ணீர்த் தவிப்பை அறிந்த மனிதரின் திட்டம். அதை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் களப்புக்குள் போகும் நன்னீர் வீண் அல்ல. இறால் அதில்தான் வளர்கிறது. அணை கட்டுவதென்றால் இழப்பது யார் என்று பெயர் சொல்லிக் கணக்குப் போட்ட பிறகே கட்ட வேண்டும்.

2025 செப்டெம்பரில் வட்டுவாகலில் புதிய பாலத்துக்கான பணிகள் ஆரம்பித்து வைக்கப்பட்டன. பழையது ஒடுங்கிய, தாழ்ந்த பாலம்; மாரியில் அதன் மேலால் நீர் பாயும். ஒடுங்கிய கண்களின் ஊடாக நீர் மெதுவாகப் போனால் பின்பக்கம் சேறு படியும், களப்பு மேடாகும். நந்திக்கடலை ஆழப்படுத்தித் தரும்படி கடற்றொழிலாளர் பலகாலமாகக் கேட்டு வருகிறார்கள். புதிய பாலத்தின் கண்கள் எவ்வளவு அகலம், பழைய கட்டுமானம் நீருக்குள் விடப்படுமா அகற்றப்படுமா என்பவை பாதை பற்றிய கேள்விகள் மட்டுமல்ல.

இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் தமிழிலேயே விண்ணப்பிக்க முடியும். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். ஒதுக்கின் எல்லை வரைபடம், உங்கள் வயல் அதற்குள்ளா வெளியேயா என்ற விபரம், தொடுவாய் வெட்டத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கை ஆகியவற்றைப் பெயர் குறிப்பிட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துமூல ஒப்புதலை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். உறுதி தொலைந்தவர்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய சந்தாத் துண்டு, கமநல சேவை நிலையத்தில் உரம் வாங்கிய பற்றுச்சீட்டு, இடம்பெயர்வுக்கு முன்னைய வாக்காளர் இடாப்பு என்று கையில் இருக்கும் எதையும் பிரதி எடுத்து வையுங்கள்.